பெடல் இருந்தால் மொபெட் சைக்கிள் ஆகிவிடுமா?

வணக்கம். ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அப்பா ஓட்டிய பழைய 50 சிசி மொபெட் வீட்டில் சும்மா நிற்கிறது. பெடல் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடல் போட்டுப் போனால் அது சைக்கிள் கணக்குத்தானே? லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டுமா? விரைவுச் சாலையில் ஏன் விடுவதில்லை? மெக்கானிக் வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்கிறார், செய்யலாமா?"

நல்ல கேள்வி. எந்த நாட்டிலிருந்து கேட்கிறார் என்று எழுதவில்லை. அதனால் சில நாடுகளின் விதிகளைத் தொட்டுச் சொல்கிறேன்.

முதலில் பெடல். மொபெட் என்ற பெயரே ஸ்வீடனில் பிறந்தது. மோட்டார், பெடல் இரண்டையும் ஒட்டி 1952இல் வைத்த பெயர் அது. அப்போது அங்கே வந்த விதிப்படி மொபெட்டில் பெடல் இருந்தே ஆக வேண்டும், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது பெடல் அந்த வண்டியின் அடையாளம், அவ்வளவுதான். 1968இல் வியன்னாவில் எழுதிய சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை மொபெட்டை எப்படி அளக்கிறது என்று பாருங்கள்: எஞ்சின் 50 சிசிக்குள், வடிவமைப்பு வேகம் 50 கிலோமீட்டருக்குள். பெடல் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. பெடல் போட்டு ஓட்ட முடியாத வண்டியை மொபெட் என்று ஏற்காமல் விட நாடுகளுக்கு உரிமை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே எஞ்சினை அணைத்தாலும், நடுவழியில் பெட்ரோல் தீர்ந்து பெடல் மிதித்தாலும், பொதுவாக அது மோட்டார் வண்டிதான். எந்த வகையில் பதிவானதோ அந்த வகைக்கான விதிதான் அதற்கு. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் கதை வேறு, அப்போது உங்களைப் பாதசாரியாகத்தான் பார்ப்பார்கள். பேட்டரி சைக்கிளைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் 250 வாட்டுக்குள் மோட்டார் இருந்து, மிதிக்கும்போது மட்டும் உதவி, 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் அந்த உதவி தானாக நின்றுவிட்டால் சைக்கிள் என்றே ஏற்கிறார்கள். அந்தச் சலுகை பெட்ரோல் மொபெட்டுக்குக் கிடையாது.

லைசென்ஸுக்கு வருவோம். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 25 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டி மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வராது. உங்களுடையது 50 சிசி, அதனால் லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். ஒரு சலுகை உண்டு: 50 சிசிக்கு மேற்படாத வண்டியை 16 வயதிலேயே, பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதத்தோடு லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். ஆனால் இன்று விற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்ற வண்டி ஏறக்குறைய 100 சிசி. மொபெட் என்று கூப்பிட்டாலும் அதை ஓட்ட 18 வயது ஆக வேண்டும். இதைத் தெரியாமல் பிள்ளைகள் கையில் சாவியைக் கொடுக்கிற பெற்றோர் நிறைய. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மொபெட்டுக்கென்றே 'ஏஎம்' என்று தனி லைசென்ஸ் வகை இருக்கிறது. பொதுவாக 16 வயது, சில நாடுகளில் 14 வரை இறக்கியிருக்கிறார்கள். வேகம் 45 கிலோமீட்டர். ஜப்பானில் 50 சிசி வண்டிக்கு வேக வரம்பு 30, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. 2025 ஏப்ரல் முதல் அங்கே 125 சிசி வரையிலான எஞ்சினையும், சக்தியை 4 கிலோவாட்டுக்குள் அடக்கியிருந்தால், இதே வகையில் சேர்த்துவிட்டார்கள்.

ஹெல்மெட்? போட வேண்டும். நெதர்லாந்தில் 25 கிலோமீட்டர் மட்டுமே போகும் மெதுவகை மொபெட்டுக்குக்கூட 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். வேகம் கம்மிதானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்: 25இல் போவதைவிட 45இல் போகும்போது மோதலின் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். வண்டி சின்னது என்பதால் தலை விழும் தரை மெத்தையாகிவிடாது.

அடுத்தது விரைவுச் சாலை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே பட்டு அறிந்தது.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது சித்தப்பா. அவருடைய மொபெட் டூ-ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து எரிக்கும் எஞ்சின். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்க வேண்டும். சக்கரம் சுழன்று வேகம் பிடித்ததும் லீவரை விட்டால், இரண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த ஆயில் கருகும் வாசனை சட்டையிலேயே தங்கிவிடும். பிளக் கரி பிடித்து வண்டி நின்றால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி மாட்டுவது என் வேலை. மேடு வந்தால் எஞ்சினோடு சேர்ந்து நானும் மிதிப்பேன். அந்த வண்டியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

லைசென்ஸ் எடுத்த புதிதில் ஒரு நாள், லாரிகள் பறக்கும் அகலமான சாலையில் அதை ஏற்றிவிட்டேன். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் முள் 40ஐத் தாண்டவில்லை. கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்ததால் பின்னால் வருவது வெறும் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடந்தபோது முதலில் காற்று என்னை ஓரத்துக்குத் தள்ளியது. நான் கைப்பிடியை எதிர்ப்பக்கம் அழுத்திய அதே நேரம் லாரியின் உடல் கடந்து, காற்று அதன் பக்கமாகவே இழுத்தது. முன்சக்கரம் ஒரு முழத்துக்கு உள்ளே போய்விட்டது. பின்சக்கரங்களின் ரப்பர் சூடு முழங்காலில் பட்டது போல இருந்தது. ஓரத்தில் இறங்கி நிறுத்தியபோது இரண்டு கையும் நடுங்கின. திரும்பும்போது சந்து சந்தாக, சுற்று வழியில்தான் வந்தேன்.

விதியின் காரணமும் இதுதான், வேக வித்தியாசம். நீங்கள் 45இல் போகிறீர்கள், பின்னால் கார் 100இல் வருகிறது என்றால் இடைவெளி ஒரு விநாடிக்கு 15 மீட்டர் குறைகிறது. 150 மீட்டர் தள்ளி வருகிற கார் பத்து விநாடியில் உங்கள் முதுகில். அந்தப் பத்து விநாடிக்குள் ஓட்டுநர் உங்களைப் பார்த்து, 'இது வழக்கமான பைக் இல்லை, ரொம்ப மெதுவாகப் போகிறது' என்று புரிந்துகொண்டு, வேகத்தைக் குறைக்க வேண்டும். இரவில், ஒற்றைச் சிறு விளக்கை வைத்து அதைக் கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். ஜெர்மனியின் ஆட்டோபானில் வடிவமைப்பு வேகம் 60 கிலோமீட்டருக்கு மேல் உள்ள மோட்டார் வண்டிக்கு மட்டுமே அனுமதி. பிரிட்டனிலும் மோட்டார்வேயில் மொபெட்டுக்கு இடமில்லை.

மெக்கானிக் சொல்வதைச் செய்ய வேண்டாம். பல மொபெட்டுகளில் சைலன்சர் குழாயிலோ கார்பரேட்டரிலோ ஒரு சின்ன வளையத்தை வைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் வண்டி இன்னும் வேகமாக ஓடும், உண்மைதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது மொபெட்டாக இருக்காது. விபத்து என்று வந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். எல்லாவற்றையும்விட, அந்த டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் பழைய வேகத்துக்காகச் செய்தவை. ஈரச் சாலையில் 45இலேயே அவை தடுமாறும்.

அப்பாவின் வண்டியை எடுப்பதாக இருந்தால் பதிவும் காப்பீடும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வண்டியில் கை வையுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டை விரலால் வளைத்துப் பாருங்கள், முடியிழை போல வெடிப்பு தெரிந்தால் தரையில் படும் பட்டை எவ்வளவு மீதி இருந்தாலும் மாற்றுங்கள். பிரேக் கேபிள் இரண்டும் புதிதாகப் போடுங்கள். பின் விளக்கை இரவில் ஒருவரை நிற்கவைத்து, தூரத்திலிருந்து நீங்களே பாருங்கள். டூ-ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் விகிதம் மாடலுக்கு மாடல் மாறும். அப்பா பக்கத்தில் இருந்தால் அவரையே கேளுங்கள், அவருக்கு அது நினைவிருக்கும்.