ஊமைக்காயம் பட்ட கண்ணும் வளர்ச்சிக் காரணிகளும்

நேயர்களுக்கு வணக்கம். பந்தோ முழங்கையோ கண்ணில் வேகமாக மோதுகிறது. தோல் கிழியவில்லை, ரத்தமும் வரவில்லை. ஆனால் அந்த அதிர்வு விழிக்குள் ஓடி, எதிர்ப்புறத்து விழித்திரையையும் தாக்கும். சில மணி நேரத்தில் அந்த இடம் வெளிறிப்போகும். 1873இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் பெர்லின், நீர்கோத்த வீக்கம் என்று கருதினார். இன்று விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் பார்த்தால், ஒளியுணர் செல்களின் நுனி குலைந்து கிடப்பதுதான் தெரிகிறது.

நுனி மட்டும் சிதைந்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் பார்வை தேறிவிடும். நல்ல கண்ணிலேயே அந்த நுனி ஏறத்தாழ 10 நாளில் புதிதாகிவிடுகிறதே! செல்லே செத்துவிட்டால் மீட்பில்லை. வரிக்குதிரை மீனின் விழித்திரையில் மியூல்லர் செல்கள் என்ற துணைச் செல்கள் புது நரம்பு செல்களை உண்டாக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் நம் மியூல்லர் செல்களும் சும்மா இருப்பதில்லை. அடிபட்டதும் எஃப்ஜிஎஃப்-2, சிஎன்டிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளைக் கூடுதலாகச் சுரக்கின்றன. பெயரைக் கேட்டு இவை புது செல்களை வளர்ப்பதாக எண்ண வேண்டாம். தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும் செல்லைத் தடுத்து நிறுத்துவதுதான் இவற்றின் வேலை.

அப்படியானால் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? சொட்டு மருந்தாக விட்டால் இந்தப் பெரிய புரதங்கள் விழித்திரைக்குப் போதிய அளவில் போய்ச் சேராது. ஊசியில் கண்ணுக்குள் செலுத்தினாலும் விரைவில் வெளியேறிவிடும். எல்லாக் காரணிகளும் நன்மை செய்பவையும் அல்ல. விஇஜிஎஃப் மிகுந்தால் ரத்தக் குழாய்கள் கசியும்; விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு என்ற படலம் கிழிந்த இடத்தில் வேண்டாத குழாய்கள் முளைக்கும். பிடிஜிஎஃப் வடுத்திசுவைத் தூண்டும்; அந்த வடு சுருங்கினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, சிஎன்டிஎஃப்பை இடைவிடாமல் சுரக்கும் செல்கள் அடங்கிய சிற்றுறை ஒன்றுக்கு அனுமதி தந்தது. அறுவை செய்து கண்ணுக்குள் பொருத்துவார்கள். ஆனால் அது மாக்குலர் டெலாஞ்சியெக்டேசியா என்ற வேறொரு நோய்க்கு, ஊமைக்காயத்துக்கு அல்ல. ஆகவே 'செல் வளர்க்கும் சொட்டு மருந்து' என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடிபட்ட கண்ணைக் கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். கண்ணைத் தொடாதபடி கவசம் வைத்து அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். விழிவெண்படலம் கிழியவில்லை என்று உறுதி செய்தபின், கண்பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பார். கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் ஓரத்தை அழுத்திப் பார்க்கும் சோதனையைச் சில வாரம் தள்ளிவைப்பார். அதற்காக மறுபடி போகத் தவறாதீர்கள். விழித்திரைக் கிழிசல் பிந்தியும் வெளிப்படலாம். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்ததுபோல் மறைப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.