பெயர் தெரியாத மெட்டுக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வயலின் ஆசிரியர் இசையமைப்பாளரைப் பற்றிப் பேசுகிறார் என்றதும், பக்கத்து எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனைத்தான் நினைத்திருப்பீர்கள். அவரைப் பற்றிப் பேசாத திண்ணை இந்தப் பக்கத்தில் இல்லை. நான் இன்று பேச வந்தது எல்.வைத்தியநாதனைப் பற்றி. மெட்டைப் பாடிக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பெயரைச் சொன்னால் "யார் அவர்?" என்பார்கள். அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை வாசித்து முடித்த கையோடு யாராவது ஒரு பிள்ளை வைத்தியநாதன் இசையமைத்த 'மால்குடி டேஸ்' முகப்பு மெட்டைத் தந்தியில் தேட ஆரம்பித்துவிடும். ஆர்.கே.நாராயணின் கதைகளை சங்கர் நாக் தூர்தர்ஷனுக்காகத் தொடராக எடுத்தது 1980-களில். அதுவும் இந்தியில். எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஆர்.கே.லக்ஷ்மணின் கோட்டுப் படங்கள் திரையில் வர, 'தானானா' என்று அந்தக் குரல் எழுந்ததும், அடுப்படியில் இருந்த அம்மா ஈரக்கையோடு வந்து நிற்பார். சொல் இல்லாததால் அது எங்களுக்கும் சொந்தமாயிற்று.

முகப்பு இசைக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். ஆலாபனைக்கு அங்கே இடமில்லை. மணிக்கணக்கில் ராகத்தை விரித்துப் பழகிய ஒரு கச்சேரிக்காரர் இப்படிச் சுருக்கியிருக்கிறாரே என்பதுதான் எனக்கு வியப்பு.

ஆம், அவர் கச்சேரிக்காரர். தந்தை வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்கு வந்தது. வயலின் என்றால் பாடகருக்குப் பக்கவாத்தியம் என்றிருந்த காலத்தில், அது தனித்து நிற்க வேண்டும் என்று மகன்களை வளர்த்தார் அந்தத் தந்தை. வைத்தியநாதன், எல்.சுப்பிரமணியம், எல்.சங்கர் என மூவரும் ஒரே மேடையில் வயலின் வாசித்தார்கள். தம்பியர் இருவரும் அமெரிக்கா போய் உலகப் புகழ் பெற்றார்கள். அண்ணன் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். இளையராஜாவும் அதே வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர்தான்.

பாரதி நூற்றாண்டான 1982-ல் வைத்தியநாதன் இசையில் 'ஏழாவது மனிதன்' படம் வந்தது. பாடல்கள் பாரதியுடையவை. அதில் யேசுதாஸ் பாடிய 'காக்கைச் சிறகினிலே' கேட்டுப் பாருங்கள். வாத்தியங்கள் குறைவாகவே பேசுகின்றன. பாரதியின் சொல்லை மெட்டு மூடவில்லை, தாங்கிப் பிடிக்கிறது.

ஆனால் என் மாணவர்களுக்கு நான் பாடமாகவே வைப்பது வேறு படம். 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த 'பேசும் படம்'. வசனமே கிடையாது. அப்படியென்றால் இசையமைப்பாளர் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துத் தள்ளலாம் என்றுதானே தோன்றும்? வைத்தியநாதன் அப்படிச் செய்யவில்லை. கமல்ஹாசன் நடித்த அந்த வேலையில்லாத இளைஞனுக்கு, நட்சத்திர ஓட்டலின் மெத்தையில் தூக்கம் வராது. பழைய அறைப் பக்கம் கேட்ட சினிமாக் கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பிடித்து வந்து போட்ட பிறகுதான் கண் அசருவான். அங்கே கதை சொல்வது சத்தம். அதற்கு இசை வழிவிட வேண்டும். மேடையில் கைதட்டல் வாங்கிப் பழகிய விரல்களுக்கு, வாசிக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று வயலின் பிடித்தவர்களுக்குத் தெரியும். பக்கவாத்தியமாக இருக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர், ஒரு படத்துக்கு இத்தனை நல்ல பக்கவாத்தியமாக இருந்திருக்கிறார். அதை நான் இறக்கமாகச் சொல்லவில்லை, வணங்கிச் சொல்கிறேன்.

2007-ல் அவர் காலமானார்.

அடுத்த முறை 'பேசும் படம்' தொலைக்காட்சியில் வந்தால், பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வயலின் எங்கே வருகிறது என்று மட்டுமல்ல, எங்கே நின்றுவிடுகிறது என்றும் கவனியுங்கள். வணக்கம்.