மார்கேட் கடல் எங்கயும் போகல

வணக்கம் நேயர்களே. லண்டன் வந்த புதுசுல யாராவது பீச்சுக்குப் போலாமான்னு கேட்டா எனக்குச் சிரிப்புதான் வரும், மெரினாவுல சுண்டல் சாப்ட்டு வளர்ந்தவன்கிட்ட வந்து, ஸ்வெட்டர் போட்டுட்டுப் பாக்குற கடலைக் காட்டுறாங்களேன்னு. அந்த மிதப்போட நான் போன ஊருதான் மார்கேட். கென்ட்ல, கிழக்குக் கோடியில இருக்கு. செயின்ட் பான்க்ராஸ்ல ஹைஸ்பீட் ட்ரெயின் ஏறுனா ஒன்றரை மணி நேரம்.

நமக்குக் குற்றால சீசன் எப்படியோ, லண்டன்காரங்களுக்கு ஒரு காலத்துல மார்கேட் அப்படி. 18ஆம் நூற்றாண்டுல டாக்டருங்க கடல்தண்ணியை மருந்துன்னு எழுதிக் குடுத்தாங்க, குளிக்கிறதுக்கு மட்டுமில்ல, குடிக்கவும்தான். குதிரை வண்டியில ஒரு மர ரூம், அதை அப்படியே கடலுக்குள்ள இறக்கிருவாங்க. யாரும் பாக்காம பொம்பளைங்க முங்கி எழட்டும்னு அதுக்குக் கித்தான் துணியில ஒரு மூடாக்கு போட்டவர் இந்த ஊர்க்காரர் பெஞ்சமின் பீல். ஏழை நோயாளிங்களுக்குன்னே 1791ல ஒரு கடல்குளியல் ஆஸ்பத்திரியும் ஆரம்பிச்சாங்க. இதை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரேன்.

அப்புறம் ஸ்பெயினுக்குச் சீப்பா ஃப்ளைட் வந்துச்சு. 1960, 70கள்ல அதே லீவு, அதே காசு, ஆனா வெயில் கேரன்டி. எவன் மார்கேட் மழையில உக்காருவான்? பக்கத்து க்ளிஃப்டன்வில்ல இருந்த பெரிய பெரிய ஹோட்டல்லாம் ஒத்தை ஒத்தை ரூமா வாடகைக்குப் போச்சு, வேற எங்கயும் வீடு கிடைக்காதவங்க அங்க வந்து சேந்தாங்க, மெயின் ரோட்டுல கடைக்குக் கடை ஷட்டர் விழுந்துச்சு.

மீட்சின்னு பேச்செடுத்தா எல்லாரும் டர்னர் கன்டெம்பரரி கேலரியைத்தான் சொல்வாங்க. ஓவியர் டர்னர் சின்ன வயசுல இங்க படிச்சவர், பெரியாளானப்புறமும் திரும்பத் திரும்ப வந்தவர், ஐரோப்பாவுலயே அழகான வானம் இந்தப் பக்கத்து வானம்தான்னு சொன்னதா சொல்வாங்க. அவர் தங்குன விடுதி இருந்த இடத்துலயே, டேவிட் சிப்பர்ஃபீல்ட் டிசைன்ல, 2011ல அந்தக் கேலரியைத் திறந்தாங்க. டிக்கெட் கிடையாது. ட்ரெயின் வேகமானதும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 2009லதான். ரெண்டும் ஒண்ணா அமைஞ்சது ஊரோட அதிர்ஷ்டம். நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா என் ஓட்டு ட்ரீம்லேண்டுக்குத்தான்.

ட்ரீம்லேண்ட்ங்கிறது பொருட்காட்சி மாதிரி ஒரு பார்க். அதுல ஸீனிக் ரயில்வேன்னு ஒரு ரோலர் கோஸ்டர், 1920ல வந்தது, முழுக்க மரம். இதுல வேடிக்கை என்னன்னா பிரேக் போடறதுக்கு ஒரு ஆள் வண்டியிலயே கூட வருவார். கம்ப்யூட்டர்லாம் கிடையாது, எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு அவர் கைக்குத்தான் தெரியும், நம்ம ஊர் பஸ்ல படிக்கட்டுல தொங்கிட்டு வர்ற கண்டக்டர் மாதிரி கூட ஒருத்தர் நிக்கிறார்னா மனசுக்கு எவ்ளோ தெம்பா இருக்குங்கிறீங்க! பார்க்கை இழுத்து மூடிட்டு அந்த நிலத்துல கட்டடம் கட்டலாம்னு 2003 வாக்குல பேச்சு வந்தப்போ, ஊர்க்காரங்க சும்மா இருக்கல, ட்ரீம்லேண்டைக் காப்பாத்துவோம்னு இயக்கம் ஆரம்பிச்சாங்க. ரோலர் கோஸ்டரை 2002லயே பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியல்ல சேத்திருந்ததால இஷ்டத்துக்கு இடிக்கவும் முடியாது. 2008ல யாரோ தீ வச்சாங்க, கால்வாசி எரிஞ்சு போச்சு. அப்பவும் விடல. 2013ல கவுன்சிலே நிலத்தைக் கட்டாயமா வாங்குச்சு, 2015ல பார்க்கைத் திறந்தாங்க. அடுத்த வருஷமே நடத்துன கம்பெனி நொடிச்சுப் போச்சு, மறுபடி வேற பணம் வந்து ஓட்டுனாங்க. ஊர் மீண்டுருச்சுன்னு ரிப்பன் வெட்டுனதோட முடியற கதை இல்லைங்க இது.

சரி, அந்த ஆஸ்பத்திரி. 1996ல மூடிட்டாங்க. இப்ப அது கடலைப் பாத்த மாதிரி சொகுசு ஃப்ளாட். ஏழைங்களுக்குன்னு கட்டுன சுவர்! இந்த ஊர்ல வளர்ந்த ட்ரேசி எமின் பெரிய ஓவியரா திரும்பி வந்து, பழைய குளியல் கூடத்தையும் பிணவறையையும் ஸ்டூடியோவா மாத்தி இளம் கலைஞர்களுக்குக் குடுத்திருக்காங்க, அது சந்தோஷம். ஆனா ஷட்டர் விழுந்த வருஷமெல்லாம் ஊரை விட்டுப் போகாம இருந்தவங்க, இப்ப ஷட்டர் ஏறுனப்புறம் வாடகை குடுக்க முடியாம கிளம்புறாங்க. லண்டன்லருந்து வந்து வீடு வாங்குறவங்களுக்கு டிஎஃப்எல்னு ஒரு பேரே வச்சிருக்காங்க, லண்டன்லருந்து இறங்குனவங்கன்னு அர்த்தம், சொல்றப்போ மூக்கைச் சுளிச்சுட்டுத்தான் சொல்வாங்க.

போன தடவை வால்போல் பே குளத்துக்குப் போனேன், கடலுக்குள்ளயே சுவர் கட்டி 1937ல பண்ணது, நாலு ஏக்கர், அலை ஏறி இறங்குறப்ப தண்ணி தானா மாறிக்கும். ஒரு பாட்டியம்மா நீந்திட்டிருந்தாங்க. கரையில ஷூவைக்கூடக் கழட்டாம நின்னுட்டிருந்த என்னைப் பாத்து, லண்டனான்னு கேட்டாங்க. இல்லம்மா, மெட்ராஸ்னேன். அப்படின்னா பரவால்ல, இறங்கு, இன்னைக்குத் தண்ணி ஒண்ணும் அவ்வளவு குளிரலன்னாங்க.

நம்பி இறங்கிட்டேன்.