தோள் மூட்டு திரும்பத் திரும்பக் கழண்டா உள்ள என்ன ஆகுது?

வணக்கம். "முதல் தடவை உயிரே போச்சுங்க, இப்பல்லாம் கழண்டா நானே உள்ள தள்ளிடுறேன்"னு நிறைய பேர் நிம்மதியா சொல்றாங்க. தயவுசெஞ்சு அதை நல்ல சேதியா எடுத்துக்காதீங்க. சுலபமா உள்ள போகுதுன்னா, பிடிச்சு வச்சிருந்தது விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

கை எலும்போட தலை பந்து மாதிரி பெருசு. அது உட்கார்ற குழியோ ஆழமே இல்லாத தட்டு. தட்டோட விளிம்பைச் சுத்தி லேப்ரம்னு ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கு. குழியோட ஆழத்துல பாதிக்கிட்ட அதனாலதான். மூட்டைச் சுத்திப் பை மாதிரி பிடிச்சிருக்கிற ஜவ்வும் அதுலதான் ஒட்டியிருக்கு.

கபடியில விரிச்ச கையைப் பிடிச்சுப் பின்னாடி இழுக்கிறாங்கல்ல, அப்போ பந்து முன்பக்கமாத்தான் நழுவும். நூத்துல 95 இந்த மாதிரிதான். நழுவும்போது முன்பக்கக் கீழ் விளிம்புல லேப்ரம் பிய்ஞ்சிடும். இதுக்குப் பேர் பேங்கார்ட் கிழிசல். 1923-ல இதைப் பத்தி எழுதின ஆங்கிலேய சர்ஜன் பேரு அது.

அடுத்தடுத்து கழளும்போது, பிய்ஞ்ச லேப்ரம் விளிம்புல ஒட்டாம, சரிஞ்சு உள்பக்கமாப் போய் தப்பான இடத்துல ஒட்டிக்கும். ஜவ்வுப் பை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழுபட்டு, பழைய பனியன் கழுத்து மாதிரி தொளதொளன்னு ஆயிடும். எக்சர்சைஸ் அவசியம்தான், ஆனா அது தசையைத்தான் பலப்படுத்தும். தொங்கின ஜவ்வை இறுக்காது, பிய்ஞ்ச லேப்ரத்தை ஒட்டாது.

இதுக்கு மேலயும் விட்டா எலும்பு தேயும். தட்டோட முன் விளிம்பு மழுங்கும், பந்தோட பின்பக்கம் பள்ளம் விழும். தட்டுல 20 சதவீதத்துக்கு மேல தேய்ஞ்சுட்டா, லேப்ரத்தை மட்டும் ஆங்கர் (எலும்புல பதிக்கிற நூல் கோத்த குட்டி ஆணி) வச்சுத் தைக்கிறது பெரும்பாலும் நிக்காது. பக்கத்து எலும்புத் துண்டை வெட்டி ஸ்க்ரூ போட்டு வைக்கிற லேட்டர்ஜே ஆபரேஷன் வரைக்கும் போகும்.

கழண்டா, கை எந்த நிலையில இருக்கோ அப்படியே துண்டால கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. அக்குள்ல கால் வச்சு இழுக்க யாரையும் விடாதீங்க. எக்ஸ்ரே எடுக்காம இழுத்தா, உள்ள எலும்பு உடைஞ்சிருந்தா அது விலகிடும், நரம்பும் பாதிக்கலாம். தோளோட வெளிப்பக்கம் மரத்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க. 40 வயசுக்கு மேல இருந்து, மூட்டு உள்ள போயும் கையைத் தூக்க முடியலன்னா, தசைநார் கிழிஞ்சிருக்கலாம், ஸ்கேன் எடுக்கணும்.

டாக்டர்கிட்ட எத்தனை தடவை கழண்டுச்சுன்னு மறைக்காம சொல்லுங்க. தூக்கத்துல புரண்டப்ப, சட்டை மாட்டுறப்பவே கழண்டிருந்தா அதையும் சொல்லுங்க. அப்படின்னா எலும்பு தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ. ஜவ்வைக் காட்டும், தேய்மானத்தை அளக்க 3டி சி.டி.யும் வேணுமான்னு கேளுங்க.