பேரும் ஊரும் எழுதுங்கள்

பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, எனக்குமுன் அழகாக வரவேற்புரை வழங்கிய நூலகர் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

தொலைந்த பொருள் எங்கோ கண்காணாத இடத்தில் கிடைப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடல் திருப்பித் தந்தது, பனி திருப்பித் தந்தது, பாலைவனம் திருப்பித் தந்தது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்லும் பழமொழி இது. 1992 ஜனவரியில் பசிபிக் நடுவே புயலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து கொள்கலன்கள் சரிந்து விழுந்தன. ஒன்றுக்குள் 28,800 குளியல் பொம்மைகள். வாத்து, ஆமை, தவளை எல்லாம். பத்து மாதம் கழித்து அலாஸ்காவின் சிட்கா கரையில் அவை ஒதுங்கத் தொடங்கின. கர்டிஸ் எப்பஸ்மேயர் என்ற கடலியல் அறிஞர் அவற்றை வைத்தே நீரோட்டத்தின் வழியை ஆராய்ந்தார். அது அவரால் எப்படி முடிந்தது? எங்கே விழுந்தது, எத்தனை விழுந்தது என்ற கணக்கு இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

இப்போது ஒரு மணியின் கதை. தமிழர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கதை. 1836-ஆம் ஆண்டு வாக்கில், நியூசிலாந்தின் வாங்கரே பக்கம் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் போகிறார். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஒரு சிறு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கிறார்கள். குனிந்து பார்க்கிறார். பாத்திரம் இல்லை ஐயா, அது மணி! விளிம்பு உடைந்துபோன மணியைத் தலைகீழாக்கி அடுப்பில் வைத்திருக்கிறார்கள். பெருங்காற்றில் ஒரு மரம் சாய்ந்தபோது வேரடியில் கிடைத்தது என்றார்கள். அதைச் சுற்றி ஏதோ எழுத்து, அவருக்குப் புரியவில்லை. நமக்குப் புரியும். முகைய்யதீன் பக்ஸ் உடைய கப்பலின் மணி என்று தமிழில் எழுதியிருக்கிறது! (கைதட்டல்) இன்று அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கப்பல் போனதா, வெறும் மணி மட்டும் கைமாறிக் கைமாறிப் போனதா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

ஏன் முடிவாகவில்லை? பேர் இருக்கிறது. ஊர் இல்லை. எந்தத் துறைமுகம் என்று இன்னும் ஒரே ஒரு சொல் வார்த்திருந்தால் போதும், அந்த மணிக்கு வீடு தெரிந்திருக்கும். இதை நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2011 மார்ச் 11-இல் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியது. ஒரு சிறுவனின் வீடும் வீட்டிலிருந்த அத்தனையும் போயின. மறு ஆண்டு, அலாஸ்கா வளைகுடாவில் மிடில்டன் என்ற தீவில் ஒரு கால்பந்து ஒதுங்கியது. அவன் பழைய பள்ளியை விட்டுப் போனபோது வகுப்புத் தோழர்கள் வாழ்த்து எழுதிக் கொடுத்த பந்து. கண்டெடுத்தவரின் மனைவி ஜப்பானியப் பெண்மணி, எழுத்தைப் படித்தார். பையன் பேர் இருந்தது, பள்ளியின் பேரும் இருந்தது. ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாம் இழந்தவனுக்கு அந்த ஒன்று கிடைத்தது.

பனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 ஜனவரியில் ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையில் மோதி நொறுங்கிய இந்திய விமானத்தின் தூதரகத் தபால் பையை, 2012-இல் பனியாறு வெளியே தள்ளியது. யாருடைய பை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை; மேலேயே எழுதியிருந்தது. பாலைவனத்துக்கு இன்று நேரம் இடம் தரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். குடை, பை, புத்தகம், பிள்ளைகளின் பந்து, எதுவானாலும் பேரை எழுதுங்கள். பேரோடு நிறுத்தாமல் ஊரையும் எழுதுங்கள். கைபேசி எண் மட்டும் எழுதினால் போதும் என்கிறார்கள், எண் மாறிவிடும். உப்புத் தண்ணீரிலும் கரையாத மையால் எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், படிக்க ஒருவர் எங்கேயும் இருப்பார்.

வாசலில் மேசைமேல் அழியாத மைப் பேனாக்கள் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் கையிலிருக்கும் குடையிலேயே தொடங்கிவிடுங்கள். வாய்ப்பளித்த அவைத்தலைவர் அவர்களுக்கும் மன்றத்தாருக்கும் நன்றி, வணக்கம்.