“சொறி” சொன்ன பிறகும் தள்ளிவிடுகினம்: ஒரு அம்மாவின்ர கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி ஸ்காபரோவில இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறா. பேர் சொல்ல வேண்டாம் எண்டு கேட்டிருக்கிறா, அதால சொல்லேல்லை. வாசிக்கிறன்.

“மகள் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில நாலாம் வகுப்பு. மூண்டு பிள்ளையள் சேர்ந்து அவளை விளையாட்டில சேர்க்கிறேல்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்தினம். போன கிழமை படியில தள்ளிவிட்டிருக்கினம். ரீச்சரிட்டச் சொன்னன். அவ நாலு பேரையும் கூப்பிட்டு ‘சொறி’ சொல்ல வைச்சு, இயேசு மன்னிக்கச் சொன்னவர் எண்டு அனுப்பிவிட்டா. அடுத்த நாளே திரும்பத் தொடங்கிட்டுது. அந்தப் பிள்ளையளின்ர தாய் தகப்பனை ஞாயிறு பூசையில காணுறனான். நேர கேக்கட்டோ? இல்லாட்டிப் பள்ளிக்கூடத்தை மாத்தட்டோ?”

தங்கச்சி, முதல்ல அந்த ரீச்சரைப் பற்றி. அவ கெட்ட எண்ணத்தில செய்யேல்லை. ஆனா எங்கட கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில எனக்கு ஆகப் பிடிக்காத பழக்கம் இதுதான்: மன்னிப்பைக் கொண்டுவந்து அலுவலைக் கெதியா முடிச்சுவிடுறது. இந்தப் பிள்ளையள் ரெண்டாம் வகுப்பிலயே முதல் ஒப்புரவு, அதாவது முதல் பாவசங்கீர்த்தனம், செய்தவை. அங்க என்ன படிப்பிச்சது? பாவத்துக்கு மனம் வருந்தவேணும், அறிக்கையிடவேணும், பரிகாரம் செய்யவேணும். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின்ர 1459ஆம் பத்தியைப் பாருங்கோ. களவெடுத்ததைத் திருப்பிக் குடுக்கவேணும், அவதூறு சொல்லிக் கெடுத்த பேரைச் சரிப்படுத்தவேணும், காயத்துக்கு ஈடு செய்யவேணும் எண்டு கிடக்கு. அப்ப கையைக் குடுத்திட்டு ஓடுறதுக்குத் திருச்சபையின்ர பேரைச் சொல்ல ஏலாது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொன்னவர்தான், அதே அதிகாரத்தில சின்னப்பிள்ளையளுக்கு இடறலா இருக்கிறவனின்ர கழுத்தில எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில தள்ளுறது அவனுக்கு நல்லது எண்டும் சொன்னவர். முதல்ல பிள்ளைக்குப் பாதுகாப்பு. மன்னிக்கிறதை அவள் தன்ர நேரத்துக்குச் செய்வாள்.

ரெண்டு பிள்ளையள் பந்துக்கு அடிபட்டால் அது சண்டை. ரெண்டு பேரையும் இருத்திக் கதைக்கலாம். மூண்டு பேர் சேர்ந்து ஒருத்திக்குத் திரும்பத் திரும்பத் தொல்லை குடுத்தால் அது வேற, அதுக்குப் பேர் புல்லியிங். ஒண்டாரியோவில 2012இல வந்த சட்டத்தில, திரும்பத் திரும்ப நடக்கிறதையும் ஒரு பக்கம் பலம் கூடி இருக்கிறதையும் சேர்த்துத்தான் புல்லியிங்குக்கு விளக்கம் எழுதியிருக்கு. உடம்புப் பலம் மட்டுமில்லை, கூட்டாளிமாரின்ர பலம், காசு, இனம், சமயம், மாற்றுத்திறன், குடும்ப நிலை எல்லாம் அதில வருது. இப்பிடியான இடத்தில நாலு பேரையும் ஒண்டா நிப்பாட்டிச் சமாதானம் பேசினால், உங்கட பிள்ளை அந்த மூண்டு பேருக்கும் முன்னால வாய் திறப்பாளோ? தனித்தனியாத்தான் கதைக்கவேணும்.

ரீச்சர் ஏன் காணேல்லை எண்டு கோவம் வரும். ரொறன்ரோவிலயே டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் எண்ட ரெண்டு ஆய்வாளர் ஆரம்பப் பள்ளி முற்றத்தில கமராவும் மைக்கும் வைச்சுப் பாத்தவை, 1997இல வெளியிட்டவை. ஏறக்குறைய 7 நிமிசத்துக்கு ஒருக்கா புல்லியிங் நடந்திருக்கு, ஒவ்வொண்டும் சராசரி 38 செக்கன். ரீச்சர்மார் தலையிட்டது 4 வீதத்திலதான். 38 செக்கனில முடியிறதை முற்றத்தின்ர மற்றப் பக்கம் நிக்கிற ஆள் எப்பிடிக் காணுறது? ஆனா பக்கத்தில நிக்கிற பிள்ளையள் காணுதுகள். அவையின்ர 2001 ஆய்வில, கூடப்படிக்கிற பிள்ளை ஒண்டு தலையிட்டால் பாதிக்கு மேலான தடவையில புல்லியிங் 10 செக்கனுக்குள்ள நிண்டிருக்கு. அதால நவம்பரில புல்லியிங் விழிப்புணர்வுக் கிழமைக்கு ஒட்டுற போஸ்டரை விட, பாத்துக்கொண்டு நிக்கிற பிள்ளைக்கு “வா, எங்களோட விளையாடு” எண்டு கூப்பிடப் பழக்கிறதுதான் பிரயோசனம். இது எல்லா அம்மாமாருக்கும் சொல்லுறன். உங்கட பிள்ளை அடிவாங்கிற பிள்ளையா இல்லாமல், பாத்துக்கொண்டு நிக்கிற பிள்ளையாவும் இருக்கலாம்.

இப்ப நீங்கள் செய்யவேண்டியது. எழுதுங்கோ. வாசலில நிண்டு ரீச்சரோட கதைச்சது காத்தோட போயிடும். அதிபருக்கு ஒரு ஈமெயில், திகதி, இடம், என்ன நடந்தது, ஆர் பாத்தது, ரீச்சரிட்ட எப்ப சொன்னது. படியில தள்ளினதை முதல் எழுதுங்கோ. மூக்கைப் பொத்தினதையும் எழுதுங்கோ, “இது எங்கட சாப்பாட்டையும் இனத்தையும் வைச்சு நடக்குது” எண்டு நேரடியா. “சும்மா பகிடி” எண்டு நீங்களே குறைக்காதேங்கோ. தமிழில எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்க்க ஆள் கேளுங்கோ, பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க விடாதேங்கோ. இன்னொண்டு, அவள் கேட்டாலொழியப் பிட்டை நிப்பாட்டிப் பாணும் ஜாமும் குடுக்காதேங்கோ. அது மூக்கைப் பொத்தினவைக்கு வெற்றி.

2010இல இருந்து சட்டம் இப்பிடி: சஸ்பென்ட் பண்ணிற அளவு விசயம் தெரியவந்த ரீச்சர், பள்ளி பஸ் ஓட்டுற ஆள் கூட, அதிபருக்கு அறிவிக்கவேணும். அதிபர் விசாரிக்கவேணும். பாதிக்கப்பட்ட பிள்ளையின்ர பெற்றாருக்கு என்ன நடந்தது, பாதுகாப்புக்கு என்ன செய்தது, எந்த மாதிரி நடவடிக்கை எடுத்தது எண்டு சொல்லவேணும். மற்றப் பிள்ளையின்ர பேரைச் சொல்ல மாட்டினம், அதுக்காக மறைக்கினம் எண்டு நினைக்காதேங்கோ. கத்தோலிக்கப் பள்ளியும் அரச காசில நடக்கிறதுதான், அதே சட்டம்தான்.

கனபேர் வந்து “சஸ்பென்ட் பண்ணச் சொல்லுங்கோ” எண்டு நிப்பினம். நாலாம் வகுப்பில புல்லியிங்குக்கு 1 நாளில இருந்து 20 நாள் வரை ஏலும். மூண்டாம் வகுப்பும் அதுக்குக் கீழயும் எண்டால் 2020 செப்டெம்பரில இருந்து அதுக்கு சஸ்பென்ட் இல்லை. என்னைக் கேட்டால் அதில நிக்காதேங்கோ. வீட்டை ரெண்டு நாள் ரிவி பாத்திட்டு வாற பிள்ளை மாறுமோ? எழுத்தில பாதுகாப்புத் திட்டம் ஒண்டு கேளுங்கோ. படியில இடைவேளைக்கு ஆர் நிக்கிறது, அவள் எங்க, ஆரோட இருந்து சாப்பிடுறது, அவள் ஓடிப்போய்ச் சொல்லக்கூடிய ஒரு பெரியாள் ஆர், அந்த மூண்டு பேரும் என்ன பரிகாரம் செய்யப்போகினம், ரெண்டு கிழமையால திரும்ப எப்ப சந்திக்கிறது. அந்தத் திகதியைக் கையோட வாங்கிக்கொண்டு வாங்கோ.

கோயில் வாசலில கேக்கிறதை விட்டிடுங்கோ. அந்த அம்மாவும் தன்ர பிள்ளைக்குத்தான் நிப்பா. பங்கில கதை பரவி, திங்கக்கிழமை அது உங்கட மகளின்ர தலையில விழும்.

ஒரு விசயம் தனியாச் சொல்லவேணும். தொல்லை குடுக்கிறது ஒரு பெரியாள் எண்டால், ரீச்சரோ, பங்கு ஆளோ, ஆராயிருந்தாலும், இந்த வழி இல்லை. அதிபரை நம்பிக்கொண்டு காத்திருக்காமல் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு (Children's Aid Society), அல்லது பொலிசுக்கு நேர போன் அடியுங்கோ. 16 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குக் கெடுதல் நடக்குது எண்டு சந்தேகிக்கிற ஆள் தானே அறிவிக்கவேணும், வேற ஆளிட்ட விட ஏலாது.

பள்ளிக்கூடத்தை மாத்துறதைப் பற்றி. அதிபர் சொன்ன திகதி தாண்டி ஒண்டும் நடக்கேல்லை எண்டால், அதே ஈமெயிலைப் பாடசாலைச் சபையில அதிபருக்கு மேல இருக்கிற சுப்பிரின்டென்டன்டுக்கு அனுப்புங்கோ. அதுக்கும் பிறகு மகள் காலமை எழும்ப மாட்டன் எண்டு அழுதால் மாத்துங்கோ, அதில வெக்கம் இல்லை. இடையில அவளுக்கு ஆரோடயாவது கதைக்கவேணும் எண்டால் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் இருக்கு, 1-800-668-6868, எந்த நேரமும் எடுக்கலாம்.

சரி, அடுத்தது ஒரு அப்பா கேட்டிருக்கிறார், வாசிக்கிறன்.