ஸ்டார்கிராஃப்ட் 2 கைமாறிய பிறகு

அவையோருக்கு வணக்கம்.

2010 ஜூலை 27 அன்று வெளிவந்த கணினிப் போர் விளையாட்டான ஸ்டார்கிராஃப்ட் 2, இன்று மைக்ரோசாஃப்டின் சொத்து. இதை உருவாக்கிய பிளிசார்டின் தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். 2023 அக்டோபர் 13 அன்று வாங்கி முடித்தார்கள். அன்றிலிருந்து இதை ஆடுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நம் ஆட்டம் என்ன ஆகும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பேரம் ஸ்டார்கிராஃப்டுக்காக நடந்தது இல்லை. கால் ஆஃப் டியூட்டி, கேண்டி கிரஷ், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், இவற்றுக்காக நடந்தது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் தடுத்ததும், பிறகு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே கிளவுட் ஸ்ட்ரீமிங் உரிமையை 15 ஆண்டுக்கு யூபிசாஃப்ட் என்ற வேறொரு விளையாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து அந்தத் தடையைத் தாண்டியதும் அந்தப் பெரிய விளையாட்டுகளை வைத்து நடந்த வழக்குதான். ஆகவே யாரோ வேண்டுமென்றே ஸ்டார்கிராஃப்டை இழுத்து மூடிவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. கவனிக்க ஆளில்லாமல் போய்விடுமோ என்றுதான் பயப்பட வேண்டும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கும் புதிய பகுதிகளை இனி உருவாக்க மாட்டோம் என்று பிளிசார்ட் அறிவித்தது 2020 அக்டோபரில். அப்போது மைக்ரோசாஃப்ட் இந்தப் பக்கமே வரவில்லை.

அப்படியானால் கைமாறியதால் எது மாறும்? அதைப் புரிந்துகொள்ள, ஒரு ஆட்டம் நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இருவர் மோதும்போது ஒவ்வொரு வீரரின் கணினியும் முழுப் போரையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. ‘ஃபாஸ்டர்’ என்ற ஆட்ட வேகத்தில் நொடிக்கு 22.4 முறை அந்தக் கணக்கு ஓடுகிறது. கம்பி வழியே போவது கட்டளைகள் மட்டும்: இந்த மரீன் படை இங்கே போகட்டும், இந்த இடத்தில் பாரக்ஸ் என்ற படைக்கூடம் கட்டு, அவ்வளவுதான். இருவரும் 200 சப்ளையை, அதாவது படைக்கான உச்ச வரம்பை, நிரப்பிக்கொண்டு மோதினாலும் ஸெர்க்லிங் போன்ற ஒவ்வொரு சிறு படையின் இருப்பிடமும் இணையத்தில் பயணிப்பதில்லை. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர் விளையாட்டு இதே முறையில்தான் 28.8 கிலோபிட் மோடத்தில் எட்டு பேரை ஆட வைத்தது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, ஆட்டத்தை நடத்த ஆகும் சர்வர் செலவு சொற்பம். கணக்குப் பிள்ளை ஒருவர் செலவைக் குறைக்கப் புறப்பட்டால் இந்த வரி அவர் கண்ணில் பெரிதாகப் படாது. இது நமக்கு நல்லது. இரண்டாவது நல்லதில்லை. எதிராளியின் படை முழுவதும் என் கணினியிலும் இருக்கிறது. என் பார்வைக்கு எட்டாத பகுதியை மூடும் ‘மூடுபனி’, திரையில் வரையப்படும் ஒரு மறைப்புதான். அந்த மறைப்பை விலக்கும் மென்பொருளைத்தான் மேப் ஹேக் என்கிறோம். இந்த அமைப்பில் அதை அடியோடு ஒழிக்க முடியாது. புதிதாக முளைக்கும் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் தடுக்க ஆள் வேண்டும், மாதாமாதம். 2024 ஜனவரி 25 அன்று மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. பழைய விளையாட்டில் ஆள்குறைப்பு முதலில் தெரிவது இங்கேதான். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், லேடர் என்னும் தரவரிசைப் போட்டி மட்டும் நம்ப முடியாததாகிவிடும்.

சமநிலைத் திருத்தங்களின் கதையும் அதுதான். எந்தப் படைக்கு எத்தனை உயிர், எவ்வளவு விலை என்ற முடிவுகளை 2023 முதல் பெரும்பாலும் தொழில்முறை வீரர்களும் அமைப்பாளர்களும் அடங்கிய ஒரு குழு பரிந்துரைத்து வந்திருக்கிறது. ஆனால் அந்த எண்களைப் பேட்ச் என்ற திருத்தக் கோப்பாக்கி, சோதித்து, எல்லோர் கணினிக்கும் அனுப்ப பிளிசார்டுக்குள் ஒரு பொறியாளர் உட்கார வேண்டும். அந்த நாற்காலி காலியானால் குழு எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் பயனில்லை.

இப்போது, முடிந்த ஆட்டத்தை மறுபடி பார்க்க உதவும் ரீப்ளேக்கு வருவோம். இதை மட்டும் சற்று நிதானமாகக் கேளுங்கள். ரீப்ளே கோப்பு வீடியோ இல்லை. இரு வீரர்களும் கொடுத்த கட்டளைகளின் பட்டியல் அது. திறக்கும்போது கணினி அதே ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி கணக்கிடுகிறது. அதனால்தான் ஒரு மணி நேர ஆட்டம்கூட மிகச் சிறிய கோப்பில் அடங்குகிறது. 2013இல் ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம் என்ற விரிவாக்கத்துடன், இணைப்பு அறுந்த ஆட்டத்தை ரீப்ளேயிலிருந்தே தொடரும் வசதி வந்ததும் இதனால்தான். ஆனால் 2012இல் பதிவான ரீப்ளேயை இன்றைய எண்களோடு ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு படையின் அடி ஒன்று குறைந்தாலும் செத்திருக்க வேண்டியது உயிரோடு நிற்கும். அடுத்த நிமிடத்திலிருந்து எல்லாம் கோணலாகிவிடும். ஆகவே அந்தந்தக் காலத்து பதிப்பே வேண்டும். நிறுவல் கோப்புறையைத் திறந்து ‘வெர்ஷன்ஸ்’ என்பதற்குள் பாருங்கள், ‘பேஸ்’ என்ற சொல்லும் ஒரு எண்ணும் சேர்ந்த பெயர்களில் பதிப்புகள் இருக்கும். இல்லாத பதிப்பை பிளிசார்டின் இணையச் சேவையான பேட்டில்.நெட் தேடிப் பிடித்து இறக்கித் தருகிறது. யாரோ ஒருவர் இடத்தை மிச்சப்படுத்தப் பழைய பதிப்புகளை சர்வரிலிருந்து நீக்கினால், அந்தக் காலத்து ரீப்ளேக்கள் அத்தனையும் அன்றோடு ஊமையாகிவிடும். அதை நீக்க எந்த இயக்குநர் குழுவும் கூட வேண்டியதில்லை. ஒரு பராமரிப்பு வேலையின் நடுவில் நடந்துவிடக்கூடியது அது.

வாங்கியவரின் பழக்கம் என்ன என்று கேட்பீர்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் 2001இல் வாங்கியது. 2009 ஜனவரியில் அந்த ஸ்டூடியோ இல்லை. இடையில் 2006இல், இணையத்தில் ஆள் சேர்த்துவந்த எம்எஸ்என் கேமிங் ஸோனும் குறுவட்டில் வந்த விளையாட்டுகளைக் கைவிட்டது. இருந்தும் ஏஜ் 2 சாகவில்லை. காரணம் அதன் மெனுவில் இருந்த ஒரு வசதி: லேன் எனும் உள்வலை வழியாகவும், நேரடி ஐபி முகவரி வழியாகவும் ஆடலாம். ஆட்டக்காரர்கள் வூப்ளி, கேம்ரேஞ்சர் என்ற வேறு இணைய ஆட்டச் சேவைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ரசிகர்கள் செய்த ‘தி ஃபர்காட்டன்’ 2013இல் அதிகாரப்பூர்வ விரிவாக்கமானது. அதே குழு கைவைத்த டெஃபினிட்டிவ் எடிஷன் 2019 நவம்பரில் வந்தது. 2022 ஏப்ரலில் திராவிடர் என்ற நாகரிகமே சேர்ந்தது. உருமி வீரனும் திரிசடைக் கப்பலும் ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அந்த 1999ஆம் ஆண்டு விளையாட்டுக்குள் நுழைந்தது, இடையில் ஆட்டக்காரர்கள் அதைக் கைவிடாததால்தான்.

ஸ்டார்கிராஃப்ட் 2இல் அந்த வசதி இல்லை. வெளிவருவதற்கு முன்பே, 2009இல், லேன் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். ஒரே அறையில் இரு கணினிகள் பக்கத்தில் இருந்தாலும் பேட்டில்.நெட் வழியாகத்தான் மோத முடியும். ஒருமுறை லாகின் செய்த கணினியில் இணையம் இல்லாமல் கதைப் பகுதியையும் கணினிக்கு எதிரான ஆட்டத்தையும் ஆடலாம். மனிதருக்கு எதிராக ஆட முடியாது. ஏஜ் 2 பல ஆண்டுப் புறக்கணிப்பைத் தாங்கியது. ஸ்டார்கிராஃப்ட் 2 ஒரு வாரம்கூடத் தாங்காது. என் கவலையெல்லாம் இதில்தான் இருக்கிறது.

போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. போட்டிகளை நடத்திவந்த ஈஎஸ்எல் நிறுவனமும் 2022இல் சவுதியின் ‘சாவி கேம்ஸ்’ நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024, 2025 இரு ஆண்டும் ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் இந்த ஆட்டம் இடம்பெற்றது. பரிசுப் பணம் பெரிது. ஆனால் அதன் ஊற்று இப்போது விளையாட்டின் உரிமையாளரிடம் இல்லை. ஒரு ஆண்டு பட்டியலில் விடுபட்டாலும் தாங்கிப் பிடிக்க வேறு பெரிய கை இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

அக்கவுண்டை முதலில் கவனியுங்கள். மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங்கை 2014இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், பிறகு அந்த விளையாட்டின் பழைய அக்கவுண்டுகளைத் தன் அக்கவுண்டுக்கு மாற்றச் சொன்னது. கெடு 2023 செப்டம்பர் 19. மாற்றாதவர்கள் வாங்கிய விளையாட்டை இழந்தார்கள். பேட்டில்.நெட்டுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். உங்கள் அக்கவுண்டில் இருக்கும் மின்னஞ்சல் இன்னும் திறக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கல்லூரி கொடுத்த முகவரியாக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

ரீப்ளே சேர்ப்பவர்கள் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. ‘வெர்ஷன்ஸ்’ கோப்புறையோடு முழு நிறுவலையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுக்கும் முன் ஒவ்வொரு காலத்து ரீப்ளேயிலும் ஒன்றைத் திறந்துவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பதிப்பு உங்கள் கணினிக்கு இறங்கும்.

மேப், அதாவது ஆடுகளம், செய்பவர்களுக்கு: ரசிகர்களின் மேப்புகள் கிடைக்கும் ஆர்கேடில் வெளியிட்டது உங்களிடம் இருப்பதாக அர்த்தமில்லை. எடிட்டரில் செய்த மூலக் கோப்பு உங்கள் வட்டில் இருக்க வேண்டும். தொலைத்துவிட்டால், யாராவது அந்த மேப்பை ஆடிய கணினியில், பேட்டில்.நெட்டின் கேச் கோப்புறையில் ‘எஸ்2எம்ஏ’ என்று முடியும் கோப்பாக அது கிடக்கலாம். பெயர் புரியாத எண்ணெழுத்துக் கோவையாக இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்துதான் தேட வேண்டும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்றாம் பாகம் கேட்டுக் கையெழுத்து திரட்டும் சக்தியை இதற்குத் திருப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பொறியாளர்கள் இருக்கும்போதே, ஒரு பேட்சில், லேன் வசதியைக் கொடுக்கச் சொல்லுங்கள். கணக்கெல்லாம் வீரர்களின் கணினியிலேயே நடப்பதால், தேவை கட்டளைகளைக் கடத்தும் ஒரு பாதையும், லாகினைக் கேட்காத ஒரு மெனுவும்தான். அது எளிதான வேலை என்று சொல்லவில்லை, ஆனால் செய்யக்கூடிய வேலை. கமாண்ட் அண்ட் கான்கர் ஜெனரல்ஸ் என்ற பழைய போர் விளையாட்டின் மூல நிரலையே 2025 பிப்ரவரியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பொதுவில் வைத்தது. நாம் கேட்பது அதைவிட மிகக் குறைவு.